மொட்டைமாடியில் ஒரு சிவப்புப் பூட்டு

மார்ச் 2

தங்கச்சிக்கு,

போனில் என் குரலைக் கேட்க மாட்டேன், ஜெயில் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் சொல் என்று நாலு வரி எழுதியிருந்தாய். சரி, காகிதத்திலேயே சொல்கிறேன். காகிதம் என்பதால் என் சத்தம் குறையும் என்று மட்டும் நினைக்காதே.

நேற்று இங்கே ஒருவனின் மூக்கை உடைத்தேன். சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்றவன் என் இடது கையைப் பார்த்து, "அண்ணே, மிச்ச விரலை எங்கே வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டான். "என் தங்கச்சி புருஷன்கிட்ட குடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டாலேயே அடித்தேன். தட்டு வளைந்துபோனது. இனி வளைந்த தட்டில்தான் உனக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்கள். எதை ஊற்றினாலும் ஒரு பக்கமாக ஓடுகிறது. ஜெயிலில்கூட எனக்கென்று தனித் தட்டு இருக்கிறது பார்.

உன் புருஷன் சௌக்கியமா? ஒரு கண்ணில் உலகம் நன்றாகத் தெரிகிறதா?

நீ அவன் பக்கத்துக் கதையை மட்டும்தான் கேட்டிருக்கிறாய். என் பக்கத்தையும் ஒரு தடவை பொறுமையாகக் கேள். அந்தக் கடைக்கட்டிடத்து மாடியில் இருக்கிற மெஷின் உனக்குத் தெரியும், நம் சமையலறை அளவு பெரிய இரும்புப் பெட்டி, வெயிலில் குளிரும் பனியில் சூடும் தருவது. சீசன் மாறுகிறபோதெல்லாம் நானும் அவனும்தான் திறப்போம். ஃபில்டர் மாற்றி, காயில் என்கிற குளிர்க்குழாய்ச் சுருளைக் கழுவி, விசிறியின் பெல்ட்டைப் பார்த்துவிட்டு மூடுவோம். உள்ளே கை விடுவதற்கு முன்னால் பக்கத்துச் சுவரில் இருக்கிற ஸ்விட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கிக் கரண்டை நிறுத்தி என் சிவப்புப் பூட்டை மாட்டுவேன். பூட்டினவன்தான் திறக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதுதான் உயிர். எந்த மெக்கானிக்கும் தன் பூட்டின் இன்னொரு சாவியை அடுத்தவனிடம் கொடுக்க மாட்டான். நான் கொடுத்தேன். மாப்பிள்ளை ஆயிற்றே என்று கொடுத்தேன். அவன் அதைக் கழுத்தில் கயிறு கோத்துப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

அன்று காலை படிக்கட்டிலேயே சண்டை. என்னோடு இனிமேல் வேலை செய்ய மாட்டானாம், தனியாகப் போகிறானாம், நான் ஆட்களைக் கை நீட்டி அடிக்கிறேனாம். "என் தங்கச்சியைக் கட்டினதாலதான்டா உனக்கு இந்த ஸ்பேனரே கிடைச்சது" என்றேன். அதற்கு அவன், வாட்ச்மேன் முன்னாலேயே, "உன் கையை ஒடிச்சாத்தான் நீ அடங்குவே" என்றான். சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை. பூட்டை மாட்டிவிட்டு நான் பெல்ட்டில் கை வைத்திருக்கிறேன், அவன் ஸ்விட்ச் இருக்கிற பக்கம் காயில் கழுவிக்கொண்டிருக்கிறான், விசிறி ஓடியது. மூன்று விரல் என் கண் முன்னால் போனது.

இனி நீயே சொல், அது தானாக ஓடியதா?

ஒரு கண்ணுக்குத்தான் கோர்ட்டு எனக்குத் தண்டனை கொடுத்திருக்கிறது. இன்னொன்று பாக்கி இருக்கிறது. நான் வெளியே வருகிற அன்றைக்கு அவன் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் நீ அவன் கையைப் பிடித்துத்தான் தெருவுக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கும்.

அண்ணன்

மார்ச் 13

அண்ணா என்று தொடங்கப் பேனா வரவில்லை. அதனால் நேராகவே தொடங்குகிறேன்.

கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப் போவதை நீ புதிதாகச் சொல்லித் தர வேண்டாம். இப்போதே அப்படித்தான் போகிறேன். அவருக்கு இடது பக்கம் எதுவும் தெரிவதில்லை. கதவு நிலையில் தோள் இடிக்கிறது. டம்ளரில் ஊற்றுகிற தண்ணீர் டம்ளருக்கு வெளியே விழுகிறது. படி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று புரியாமல் காலை அந்தரத்தில் வைக்கிறார். போன வாரம் இடது பக்கமாக ஒரு சைக்கிள் வந்து இடித்துவிட்டு, இடித்தவனே இவரைப் பார்த்து "கண்ணு தெரியலையா?" என்று கேட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் இரண்டு வைத்தேன். அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ரோட்டில் நான் அவருக்கு இடது பக்கம் நடக்கிறேன்.

பார், எனக்கும் உன் கைதான் வாய்த்திருக்கிறது. ஆனால் நான் இடித்தவனை அடித்தேன். நீ யாரை அடித்தாய்?

உன் விரல் போனதும் நீ போட்ட சத்தத்தில் அவர் மெஷினைச் சுற்றி ஓடி வந்தார். வரும்போதே சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார், உன் கையைக் கட்ட. அவர் குனிந்து உன் கையைத் தொடுகிறார், நீ வலது கையால் பைப் ரெஞ்சை எடுத்து அவர் முகத்தில் இறக்குகிறாய். இரண்டாவது அடியை வாட்ச்மேன் வந்து தடுக்காவிட்டால் நான் இன்றைக்கு இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னபோது, உன்னை என் கையில் கொடுத்திருந்தால் அந்த வராந்தாவிலேயே உன் கழுத்தைத் திருகியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

"கையை ஒடிச்சாத்தான் அடங்குவே" என்றாராம். அதைச் சொல்லாத ஆள் நம் வீட்டில் யார்? அம்மா உன்னை அப்படித்தான் சாப்பிடக் கூப்பிடுவாள். கோபத்தில் வந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மனுஷனைக் குருடாக்கியிருக்கிறாய்.

நான் திறக்கவில்லை என்று அவர் ஒரே வார்த்தைதான் சொல்கிறார். கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னார், வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார். கத்தினாலாவது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

வேலை நிற்கவில்லை, தெரிந்துகொள். அந்தக் கட்டிடத்து வேலை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. வெயில் தொடங்குவதற்குள் மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும். அவருடைய நீல உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

மார்ச் 20

தங்கச்சிக்கு,

நீல உடுப்பைத் துவைத்துப் போட்டிருக்கிறாயா. பரவாயில்லை, ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஏணி ஏறுகிறான் என்றால் தைரியசாலிதான். முதுகில் அந்த வெள்ளை எழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறதா? எங்கள் இரண்டு பேர் உடுப்பிலும் சேர்த்து எழுதியது. தூரத்திலிருந்தே தெரியும்.

சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான் என்று எழுதியிருக்கிறாய். எதற்கு வந்தான் என்று அவன் சொன்னதுதானே? செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கட்டுப்போட வருவது பெரிய வித்தை. நீ நம்பு. நீ நம்பித்தான் ஆக வேண்டும், தாலி கட்டியவன்.

இங்கே எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். குளிக்கிற இடத்தில் மூன்று பேர் சேர்ந்து அவனைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அவன் காதைக் கடித்துப் பிய்த்தேவிட்டான். நான் போய் ஒருத்தன் தலையைக் குழாயில் மோதினேன், மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். அதிலிருந்து அவனுக்குப் பெயர் ஒற்றைக்காதன். பெரிய கூட்டம் உள்ளவன், இந்த ஜெயிலில் பாதிப் பேர் அவன் ஆட்கள். "உனக்கு என்ன வேணும்னு சொல்லுண்ணே, வெளியே போய்ச் செஞ்சிட்டுத்தான் சோறு தின்பேன்" என்று என் காலைத் தொட்டான். இந்த மாசக் கடைசியில் விடுதலை. உங்கள் பக்கம் வந்தாலும் வருவான்.

நீ பயப்படாதே. உனக்கும் அவனுக்கும் எந்தப் பகையும் இல்லை.

அண்ணன்

மார்ச் 31

உன் ஆள் வீட்டுக்கு வந்தால் மிச்சமிருக்கிற காதையும் நான் எடுத்துக்கொள்வேன், சொல்லிவை. அரிவாள்மனையைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போலீசிலும் போய்ச் சொன்னேன். "ஏதாவது நடந்தா வாம்மா" என்றார்கள். நடந்த பிறகு வருவதற்கு அவர்கள் எதற்கு? அதனால் அவரை வீட்டில் தனியாக விடுவதில்லை. எங்கே போனாலும் கூடவே கூட்டிப் போகிறேன்.

இப்போது நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் யாரையாவது அடிப்பாய்.

போன சனிக்கிழமை அந்த மாடியில் வேலை. ஏணி ஏறித் தலையை நீட்டியதும் மெஷின் ஓடுகிற சத்தம். அதில் என்ன அதிசயம், கீழே கடைகள் இருக்கின்றன, ஓடத்தானே செய்யும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஸ்விட்சின் கைப்பிடி கீழே இறங்கியிருக்கிறது. அதில் உன் சிவப்புப் பூட்டு தொங்குகிறது. பூட்டியபடியே. மேலே துரு, பறவை எச்சம். நீ ஆணியால் கீறி வைத்திருக்கிற உன் அடையாளம்கூட அப்படியே இருக்கிறது.

கைப்பிடி கீழே. பூட்டு பூட்டியிருக்கிறது. விசிறி ஓடுகிறது.

திரும்பப் படி. நீ மெக்கானிக். நான் மூன்று தடவை எழுத வேண்டியதில்லை.

வாட்ச்மேனைக் கேட்டதற்குச் சொன்னான். அன்றைக்கு உங்கள் சத்தம் கேட்டு அவன் முதலில் ஓடியது கீழே இருக்கிற கரண்டு பேனலுக்கு. அங்கே பிரேக்கரை இறக்கினதால்தான் விசிறி நின்றது. பிறகுதான் மேலே ஓடி வந்து உன்னைப் பிடித்திருக்கிறான். போலீஸ் வந்து ரத்தத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் கடைக்காரர்கள் வேர்க்கிறது என்று கத்தியதும் இவன் மேலே போய் ரத்தத்தைக் கழுவி, மூடியை மாட்டித் திருகிவிட்டு, இறங்கிப் பிரேக்கரைத் தூக்கி விட்டிருக்கிறான். ஓடியிருக்கிறது. ஓடினதும் அவன் வேலை முடிந்தது. அன்று முதல் இன்று வரை அந்தப் பூட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கச்சி

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

நன்றாகக் கதை கட்டியிருக்கிறான். மேலே ஏறினவன் அவன், பார்த்தவன் அவன், வந்து சொன்னவன் அவன். நீ கீழே நின்று வாயைப் பிளந்து கேட்டிருக்கிறாய். பூட்டைத் திறந்து ஸ்விட்சைப் போட்டவன் பிறகு அதையே திரும்பப் பூட்டியிருக்க மாட்டானா? இல்லை, போன சனிக்கிழமையே பூட்டிவிட்டு வந்து உன்னிடம் அளந்திருக்க மாட்டானா? சாவி அவன் கழுத்தில்தானே தொங்குகிறது. துருவும் எச்சமும் பூசுவது ஒரு வேலையா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். இருக்கிற விரலில் ஒன்று வீங்கியிருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவன் "சும்மா கிட" என்றான். அவனையும் இரண்டு போட்டேன். அவன் திருப்பி அடித்ததில் பல் ஒன்று ஆடுகிறது. கன்னத்துக்கு உள்ளே ரத்தம் ருசியாகவே இருக்கிறது.

அந்தப் பூட்டை மாட்டிவிட்டு இரண்டு தட்டு தட்டி "தூங்குடா" என்று மெஷினிடம் சொல்வேன், உனக்குத் தெரியும். அன்றைக்கும் தட்டினேன். அன்றைக்கும் சொன்னேன். பூட்டு போட்டால் போட்டதுதான். அதை எவனாவது திறக்காமல் அது எழுந்திருக்காது. இருபது வருஷமாக எழுந்ததில்லை.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

ஏப்ரல் 12

எழுதுவேன்.

மேலே ஏறினது அவர் இல்லை. நான்.

அவருக்கு ஏணிப்படி எங்கே இருக்கிறதென்றே தெரிவதில்லை, இரண்டாவது படியில் கால் வழுக்கித் தாடை கிழிந்தது. அத்தோடு ஏணியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் ஏறுகிறேன் என்று தெரிந்தால் நீ அங்கிருந்தே கத்துவாய் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் ஃபில்டர் தூக்கிக் கொடுத்தும் காயிலுக்குத் தண்ணீர் பிடித்தும் வந்தவள்தானே, திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்பது எனக்கும் தெரியும். அவருடைய நீல உடுப்பைக் கையையும் காலையும் மடித்துப் போட்டுக்கொள்கிறேன். தொப்பி, தூசிக்கு முகமூடி, கண்ணாடி. மாடியில் என்னைப் பார்த்தால் நீயே "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவாய். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறேன். நான் மேலே போய்ச் சொன்னதும் அவர் கீழே பிரேக்கரை இறக்கிவிட்டு, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். அதுதான் இப்போது எங்கள் பூட்டு.

ஆகவே பூட்டைப் பார்த்தது என் இரண்டு கண். அவருடைய ஒரு கண் இல்லை.

அவர் திரும்பப் பூட்டினார் என்கிறாய். எப்போது? கண் குழியைப் பொத்திக்கொண்டு உன் காலடியில் கிடந்தபோதா? அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில்தான் இறங்கினார். அதையும் விடு. அவர் பூட்டினார் என்றே வைத்துக்கொள். பூட்டின ஸ்விட்சில் மெஷின் எப்படி ஓடுகிறது? அதற்குப் பதில் சொல். பதில் இல்லாமல்தானே சுவரைக் குத்தினாய்.

பதிலை நான் சொல்கிறேன். நேற்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய் அந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கைப்பிடியையும் உள்ளே இருக்கிற செம்புத் தகடுகளையும் இணைக்கிற கம்பியில் ஒரு சின்ன இரும்பு முள் ஒடிந்து கிடந்தது, என் நகம் அளவுதான். கைப்பிடி மட்டும் மேலேயும் கீழேயும் போய் வருகிறது. தகடுகள் உள்ளே கடித்தபடியே நிற்கின்றன, கரண்டு நிற்பதே இல்லை. அன்றைக்குக் காலையில் நீ கைப்பிடியை இறக்கியபோது விசிறி ஏற்கெனவே நின்றிருந்தது, இல்லையா? கட்டிடம் குளிர்ந்திருந்தது, அதனால் நின்றிருந்தது. நீ இறக்கியதால் நின்றது என்று நினைத்தாய். கடைகள் திறந்து உள்ளே சூடு ஏறியதும் அது தன் வேலையைப் பார்க்க எழுந்தது. உன் கை உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது.

கரண்டு இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தாயா? பையில்தானே இருந்தது. பார்க்க மாட்டாய், நீதான் "தூங்குடா" என்று சொல்லிவிட்டாயே.

சாவி அவர் கழுத்தில்தான் தொங்கியது. அதைக் கழற்றவே இல்லை. ஆபரேஷனுக்குப் போகும்போது நர்ஸ் கழற்றி என் கையில் கொடுத்தாள். ரத்தம் காய்ந்து பல்லெல்லாம் அடைத்திருந்தது. அந்தச் சாவியால்தான் நேற்று உன் பூட்டைத் திறந்தேன்.

வருகிற 22-ஆம் தேதி மறுபடி ஏறுகிறேன், புதுப் பெட்டி மாட்டிப் பெல்ட்டை மாற்ற. நீ எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அவருக்கு எழுது.

தங்கச்சி

ஏப்ரல் 19

பாப்பா,

ஏறாதே. இந்தக் கடிதம் எப்போது வந்தாலும் அன்றைக்கு ஏறாதே. அந்த உடுப்பைக் கழற்றி எரித்துவிடு.

உன் கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. பக்கத்தில் படுத்தவனை அடித்ததற்கு என்னைத் தனி அறையில் போட்டிருந்தார்கள், கடிதத்தையும் பிடித்து வைத்திருந்தார்கள்.

ஒற்றைக்காதனை நான் வீட்டுக்கு அனுப்பவில்லை. மாடிக்கு அனுப்பினேன். கட்டிடத்தைச் சொன்னேன். ஏணியைச் சொன்னேன். நீல உடுப்பு, முதுகில் வெள்ளை எழுத்து, தொப்பியும் முகமூடியும் போட்டிருப்பான், முகம் தெரியாது, முகத்தைத் தேடிக்கொண்டு நிற்காதே, பேச்சுக் கொடுக்காதே, பின்னாலிருந்து போடு என்று சொன்னேன். சீசன் வேலைக்கு ஒரு நாள் ஏறியே தீருவான், அதுவரை எதிரே காத்திரு என்றேன். பேச்சுக் கொடுக்காதே என்று நான்தான் சொன்னேன் பாப்பா.

கடிதத்தைப் படித்ததும் போன் போட விடச் சொல்லிக் கெஞ்சினேன். விட்டார்கள். நம்பரை அடித்துக்கொண்டே இருந்தேன். உன் நம்பர் எனக்குப் போகவில்லை. அவன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அவனை எப்போதும் கத்தித்தானே கூப்பிட்டிருக்கிறேன். அதிகாரியிடம் சொன்னேன். "எழுதிக் குடு, மேலே அனுப்பறோம்" என்றார். என் பெயர் போட்டு, நான் அனுப்பினேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலே என்றால் எங்கே என்று கேட்டால் கதவைச் சாத்திவிட்டார். கதவை உதைத்தேன். நாலு பேர் வந்து என்னை உதைத்தார்கள். விலா எலும்பு ஒன்று போயிருக்கும். போகட்டும். ஒற்றைக்காதனின் ஆட்களிடமும் கேட்டேன். அவனைப் பிடிக்க வழியில்லை, சொன்ன வேலையை முடித்துவிட்டுத்தான் ஆள் வெளியே தலை காட்டுவான் என்று சிரித்தார்கள்.

நீ எழுதியதெல்லாம் சரி. படிக்கும்போதே தெரிந்துவிட்டது. டெஸ்டர் பையிலேயேதான் இருந்தது. அவனுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் நீ ஏறாதே. உயிரோடு இருந்து இதற்கு ஒரு பதில் போடு. என்னைத் திட்டியாவது போடு.

அண்ணன்

மே 4

அண்ணா,

உன் கடிதம் 23-ஆம் தேதி வந்தது. நான் 22-ஆம் தேதி ஏறினேன்.

எழுத்து கோணலாக இருக்கும். வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன்.

உன் ஆள் வந்தான். நான் விசிறிப் பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "பெல்ட்டுல வெடிப்பு இருக்கா?" என்று போனில் கேட்டார். "இருக்கு." "எத்தனை இடத்துல?" "நீங்களே வந்து எண்ணிக்குங்க" என்றேன். சிரித்தார். அந்தக் கண் போனதிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்போதுதான் முதல் அடி விழுந்தது, இரும்புக் கம்பி. எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. நெற்றி பெட்டியின் விளிம்பில் மோதிக் கிழிந்தது. நான் கத்தியபடி கீழே சரிந்தேன், தொப்பி கழன்று முடி அவிழ்ந்து விழுந்தது.

இரண்டாவது அடிக்குக் கம்பியை ஓங்கியவன் அப்படியே நின்றான். "ஐயோ, பொம்பளை" என்றான். கம்பியைக் கீழே போட்டுவிட்டான். "யாரும்மா நீ? அந்த ஆள் எங்கே?" என்றான்.

"அவர் பொண்டாட்டி. உன்னை அனுப்பினவனோட தங்கச்சி" என்றேன்.

அண்ணா, அவன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் முகமெல்லாம் ரத்தம். உடனே தன் சட்டையைக் கழற்றி, முட்டி போட்டு, என் நெற்றியைச் சுற்றிக் கட்டினான். "அழாதம்மா. நான் அண்ணன்கிட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். முடிச்சு விழவில்லை, திரும்பத் திரும்பப் போட்டான்.

என் பையில் போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் கத்தல் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஓர் ஆண் குரல்தான். ஏணியைத் தொட மாட்டேன் என்றவர் ஏறி வந்தார். படி தவறித் தவறி, இரண்டு முழங்காலும் கிழிந்து வந்தார். கையில் நம் பைப் ரெஞ்ச். கேஸ் முடிந்து போலீஸ் திருப்பிக் கொடுத்தது, நல்ல ரெஞ்ச் ஆயிற்றே என்று நான்தான் பையில் போட்டு வைத்திருந்தேன். மேலே வந்தவருக்குத் தெரிந்தது, என் மேல் ஒருவன் குனிந்திருப்பதும் ரத்தமும்தான்.

நான் "வேணாங்க, கட்டுப் போடறான்" என்றேன். அதைச் சொல்வதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. முதல் அடியிலேயே அவன் சாய்ந்துவிட்டான். அவர் நிறுத்தவில்லை. நான் அவருடைய இடது பக்கம் கிடந்து கத்துகிறேன், கையை நீட்டிக் கால் சட்டையைப் பிடிக்கிறேன், அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கை ஓயும்வரை அடித்தார். ஓய்ந்த பிறகுதான் என் தலையில் இருந்த சட்டையைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்டார். சொன்னேன்.

அவன் அங்கேயே செத்துப்போனான்.

முதல் அடிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம், மற்ற அடிகளுக்கு இடமில்லை என்று வக்கீல் சொல்கிறார். யார் அனுப்பின ஆள் என்று போலீஸ் கேட்டது. என் அண்ணன் என்றேன். நீ எழுதிக் கொடுத்த காகிதமும் அவனைப் புதைத்த மறுநாள் போலீசுக்கு வந்து சேர்ந்ததாம். அதனால் உனக்கும் வருஷம் கூடும். நான் வருத்தப்படவில்லை. நீ அங்கே இருக்க வேண்டும் என்றுதான் இப்போது எனக்கு ஆசை.

ஏனென்றால் வருகிற திங்கட்கிழமை அவரை உன் ஜெயிலுக்குத்தான் கொண்டு வருகிறார்கள். அந்த ஜெயிலில் பாதிப் பேர் ஒற்றைக்காதனின் ஆட்கள் என்று நீதான் எழுதினாய். அவனைக் கொன்றது யார் என்று இதற்குள் தெரிந்திருக்கும். அவர் அடிக்கத் தெரிந்தவர் இல்லை. அன்றைக்கு அடித்தது எனக்குத் தெரிந்த அவர் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இந்தக் கை கோணலாகக்கூடப் போகவில்லை. அது கிடக்கட்டும். நான் சொல்வதை மட்டும் செய். யாராவது இடது பக்கமாக வந்தால் மேலே கை படும்வரை அவருக்குத் தெரியாது. இவ்வளவு நாள் அந்தப் பக்கம் நான் நடந்தேன். அங்கே என்னை விட மாட்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில், குளிக்கிற இடத்தில், தூங்கும்போது, எங்கேயானாலும் அவருக்கு இடது பக்கம் நீ நில்.

தங்கச்சி